திரும்பி வரலைன்னா

நவம்பர் 24, திங்கள்

பிரஷர் நூற்றைம்பதுக்கு மேல். கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதிவையுங்கள் என்றார் டாக்டர். சாயப்பொடி கம்பெனிக்காரன் கொடுத்த இந்த வருஷ டைரி ஜனவரியிலிருந்து பிரிக்காமலே கிடந்தது. எடுத்தாயிற்று. எங்கள் மில் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்துகொண்டு கோபத்தை எழுத ஒரு டைரி எங்கே போதும்?

இன்றைய கோபத்துக்குக் காரணம் ஜி.எம். பிறந்தநாள். யாரோ ஒரு புண்ணியவான் கேக் படம் போட்டு எல்லோருக்கும் வாழ்த்து மெயில் அனுப்பியிருக்கிறான். டெஸ்பாட்ச்காரர் தன் மெயிலையெல்லாம் ஸ்டோர்ஸுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். ஸ்டோர்ஸ்காரர் தன்னுடையதை டெஸ்பாட்சுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். கேக் அங்கே போய், இங்கே வந்து, மறுபடி அங்கே போய், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நகலை விட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் சர்வரையே அடைத்துவிட்டது. மில் முழுக்க மெயில் நின்றுபோனது.

"என்னம்மா சாந்தாமணி, ஒரு மெயிலக் கூட ஒழுங்கா ஓட்ட முடியாதா?" என்று நாலு பேர் முன்னால் ஜி.எம். கேட்டார். அவர் கேக்தான் சார் சுற்றுகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இந்த மில்லில் ஃபார்வர்டு போடாத ஆளே கிடையாது. "ஃபார்வர்டு போட்டாச்சு" என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது யார் தலையில் விழுந்தால் இவர்களுக்கென்ன.

நவம்பர் 25, செவ்வாய்

முடித்துவிட்டேன். இனி எந்த மெயிலும் ஐந்து கை மாறினால் சர்வரே அதைக் கொன்றுவிடும். ஆறாவது கைக்குப் போகாது. சுற்றல் ஒழிந்தது.

ஜி.எம். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. வேண்டாம், யார் கேட்டது.

நவம்பர் 26, புதன்

சனியன் வேறு ரூபத்தில் வந்தது. மெயில் செத்தால் அனுப்பினவருக்கு இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு காலையிலிருந்து போன் மேல் போன். "வைரஸுங்களா?" "என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" கேன்டீன்காரர் மூச்சிரைக்க நேரிலேயே வந்துவிட்டார்.

அந்த அறிவிப்புகளெல்லாம் இனி யாருக்கும் போகாது. என்னிடமே வரும்படி திருப்பிவிட்டேன். என் பெட்டியில் 'குப்பை' என்று ஒரு கோப்பு. அதில் தானாகப் போய் விழும், படித்ததாகத் தானாகவே குறித்துக்கொள்ளும். எனக்கும் தொல்லையில்லை.

மாலை மாவு அரைக்கப் போனால் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.

டிசம்பர் 2, செவ்வாய்

பாய்லர் ரூமுக்குப் போய் சென்னியப்பண்ணனுக்கு மறுபடி மெயில் பாடம். இருபத்தாறு வருஷமாக இந்த மில் பாய்லரை ஓட்டுகிறவர். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறார். முன்பெல்லாம் அங்கே சுவரில் ஒரு கம்ப்ளெயிண்ட் நோட்டு தொங்கும். பழுது என்றால் அதில் எழுதி, நோட்டைத் தூக்கிக்கொண்டு இன்ஜினியரிடம் நடந்து போய்க் கையெழுத்து வாங்கி வருவார். அதை நிறுத்தி எல்லாம் மெயில் என்று ஆக்கியது நான்தான். அதற்கு எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

"நோட்டுன்னா கையெழுத்து இருக்குமுங்க அம்மிணி. இதுல பாத்தாங்களா இல்லையான்னு எப்படித் தெரியறது?" என்றார்.

"மெயில் போட்டா ரெக்கார்டுங்கண்ணா. வாயில சொன்னா நிக்காது" என்றேன்.

அனுப்பினது எங்கே இருக்கிறது என்று தேடினார். பாய்லர், கேன்டீன், வாட்ச்மேன் இந்த மூன்று கம்ப்யூட்டரிலும் அனுப்பினதைச் சேமிக்காதபடிதான் வைத்திருக்கிறேன். சர்வரில் இடம் வேண்டாமா? அவருக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

டிசம்பர் 10, புதன்

நாளைக்கு சபரிமலை வேன். எங்கள் மூன்று பெரிய தலைகளும் ஒரே குழு. சேஃப்டி பூபதி, மெயின்டனன்ஸ் ஞானசேகரன், பாய்லரும் ஸ்டீம் லைனும் யார் பொறுப்போ அந்த மயில்சாமி. மாலை போட்ட நாளிலிருந்து மூவரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டவும் முடியாது. திட்ட நினைத்தால் பக்கத்து சீட் அம்மா, "சாமிகளைப் போயி..." என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

பூபதியை வராண்டாவில் மடக்கினேன்.

"சாமி, திங்கக்கிழமை வரைக்கும் உங்க மெயில யாரு பாக்கறது?"

"ஞானசேகரன் சாமிக்கு ஃபார்வர்டு போட்டாச்சு சாமி. பெட்டி ரொம்பிக் கெடக்குது, அதனால என் பெட்டில காப்பி கூட வெக்கல. எல்லாம் பக்காவா இருக்குது."

சரி, ஒருத்தராவது யோசித்திருக்கிறாரே என்று நிம்மதியாக வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

சம்பள சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டு. நடுவில் பாய்லரிலிருந்து போன். ஒரு மெயில் போட்டிருக்கிறாராம், போய்ச் சேர்ந்ததா என்று. திரும்பி வரலைன்னா போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம்ணா என்று சொல்லி வைத்தேன். இதற்கெல்லாமா போன் செய்வது?

கிரைண்டருக்குப் புது பெல்ட் போட்டாயிற்று.

டிசம்பர் 13, சனி

மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ்.

மூன்றாம் நம்பர் ஸ்டீம் வால்வில் கேஸ்கட் பிய்த்துக்கொண்டு அடித்துவிட்டது. துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு போன நாகமணி மேல் ஆவி. வலது கை முட்டியிலிருந்து விரல் வரைக்கும். அவள் கத்தினது ஆபீஸ் வரை கேட்டது. நான் ஓடிப் போனபோது சென்னியப்பண்ணன் லைனை மூடிவிட்டு, அவள் கையில் பைப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அந்த வால்வைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் சிவப்புத் துணி.

எதற்குக் கயிறு கட்டியிருந்தார் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

வந்துவிட்டார்கள். மாலையைக் கழற்றியாயிற்று, தாடியை எடுத்தாயிற்று, ஆளுக்கு ஓர் அரவணை டப்பா என் மேஜைக்கும் வந்துவிட்டது. பத்து மணிக்கு ஜி.எம். அறையில் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமையே மெயில் போட்டனுங்க. வால்வு கசியுது, ரெண்டு நாள் தாங்காது, லைன நிறுத்த உத்தரவு வேணும்னு. மூணு பேருக்குமே போட்டனுங்க" என்றார் சென்னியப்பண்ணன். இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் லைனை நிறுத்தக் கூடாது என்பது இங்கே சட்டம். மீறி நிறுத்தி ஒருதரம் மெமோ வாங்கியவர் அவர்.

"எனக்கு எதும் வரலையே" என்றார் பூபதி.

"எனக்கும் வரல" என்றார் ஞானசேகரன்.

"எனக்குந்தான்" என்றார் மயில்சாமி.

மூவரும் சத்தியமாக உண்மைதான் சொல்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். கூட்டம் முடிந்ததும் சர்வரில் பார்த்தேன். பூபதி ஞானசேகரனுக்கு ஃபார்வர்டு. ஞானசேகரன் மயில்சாமிக்கு ஃபார்வர்டு. மயில்சாமி யாருக்குப் போட்டிருப்பார்? பூபதிக்கு! ஒருத்தரும் தன் பெட்டியில் காப்பி வைக்கவில்லை. மூவரும் ஒரே வேனில், ஒரே சீட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சரணம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள், இங்கே இவர்கள் மெயில் மூவரையும் சுற்றிச் சுற்றி வந்து செத்திருக்கிறது. உன்னுடையதை யார் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா? அறிவு வேண்டாம்? படித்த படிப்பு எங்கே போனது?

"சர்வர்ல பாத்துச் சொல்லும்மா, இவரு மெயில் போட்டாரா இல்லையான்னு" என்று கூட்டத்தில் ஜி.எம். கேட்டிருந்தார்.

பார்க்கிறேன் சார் என்றிருந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

சென்னியப்பண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் நிரூபணமானால் பாய்லர் லைசென்ஸையும் ரத்து செய்ய எழுதுவார்களாம். லைசென்ஸ் போனால் ஈரோடு ஜில்லாவில் எந்த பாய்லர் முன்னாலும் அவர் நிற்க முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவார் மனுஷன்?

அந்தக் குப்பைக் கோப்பை இன்னும் திறக்கவில்லை. சம்பள சாஃப்ட்வேர் வேலை பாக்கியிருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

நேரமில்லை.

டிசம்பர் 18, வியாழன்

அலமாரி முழுக்க இறக்கித் துடைத்தேன். "லீவு போட்டுட்டு எதுக்கு இப்ப அலமாரி?" என்றார் இவர். வீட்டில் ஒருத்தி வேலை செய்தாலும் குற்றம். எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ஞானசேகரன் வந்தார். என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். மாலை இல்லை, இப்போது திட்டலாம். ஆனால் திட்ட வரவில்லை.

"சர்வர்ல எடம் பத்தலைன்னு சொல்லிட்டே இருப்பீங்களே. பழைய குப்பையெல்லாம் அழிச்சுட்டா என்ன? வருஷக் கடைசி வேற."

"எந்தக் குப்பைங்க?"

"பொதுவாச் சொன்னேன். நமக்குள்ள எதுக்குங்க? நாங்க ஃபார்வர்டு போட்டது தப்புன்னா, அந்தத் திரும்பி வர்ற நோட்டீஸ நிறுத்துனது யாருன்னும் கேப்பாங்கல்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியே அரவணை சாப்பிட்டீர்களா என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தைரியம்! என்னையே மிரட்டுகிறான். அவர்கள் மூன்று பேர் செய்த கேனத்தனத்துக்கு நான் உடந்தையாக வேண்டுமா?

அரவணை டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து உடைத்துச் சாப்பிட்டேன். கோபம் மனுஷர்கள் மேல்தானே, சாமி மேல் இல்லையே. இனிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பர் 20, சனி

நாகமணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழுக்கக் கட்டு. விரல்கள் மடங்குமா என்று இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். அவள் மாமியார் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சென்னியப்பண்ணன் மேல தப்பில்லீங்க. கவுறு கட்டியிருந்தாரு, நாந்தான் டிராலி திரும்பாதுன்னு ஓரமா வந்தேன்" என்றாள். பிறகு, "முன்னாலயே தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்களாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியலை என்றேன். பச்சைப் பொய்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் மில்லுக்குப் போனேன். யாருமில்லை. குப்பையைத் திறந்தேன்.

அறிவிப்புகள் நாற்பத்து மூன்று. எல்லாம் படித்ததாகக் குறித்திருந்தது. ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

டிசம்பர் 12, காலை 9.52. அனுப்பியவர்: பாய்லர். காரணம்: ஐந்து கைக்கு மேல் மாறியதால் நிறுத்தப்பட்டது. கீழே அவர் எழுதியது முழுசாக இருக்கிறது.

"ஐயா வணக்கம். 3ம் நெம்பர் வால்வு கேஸ்கட் போச்சு. ஆவி கசியுது. ரெண்டு நாள் தாங்காது. லைன் நிறுத்த உத்தரவு வேணும். கயிறு கட்டி வெச்சிருக்கேன். ஆளுங்க நடக்குற எடம். சென்னியப்பன், பாய்லர்."

மூவருக்கும் போட்டதால் மூன்று அறிவிப்பு. மறுநாள் காலை 8.10க்கு மறுபடி ஒன்று போட்டிருக்கிறார். "ஐயா, நேத்து போட்டதுக்கு பதில் இல்லை. அவசரம்." அதற்கும் மூன்று. நாகமணிக்கு அடிபட ஏழு மணி நேரம் முன்னால்.

ஒற்றை விரலால் இவ்வளவையும் குத்த அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆறையும் பிரிண்ட் எடுத்தேன். பையில் வைத்தேன். மறுபடி வெளியே எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று கேட்காதே.

டிசம்பர் 22, திங்கள்

விசாரணை. ஜி.எம்., வக்கீல் ஒருவர், பூபதி, ஞானசேகரன், மயில்சாமி. எதிரில் சென்னியப்பண்ணன், வெளுத்த சட்டையில். டெக்னிக்கல் சாட்சி என்று ஓரமாக நான்.

"மெயில் போட்டேங்கறீங்க. பதிலில்லேல்ல? அப்புறம் ஏன் போன் பண்ணலை? யார்கிட்டயும் நேர்ல சொல்லலை? மெயில் போய்ச் சேந்துருச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் வக்கீல்.

சென்னியப்பண்ணன் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாருஞ் சொல்லலீங்க. நானா நெனச்சுக்கிட்டனுங்க" என்றார்.

வக்கீல் எழுதிக்கொண்டார். ஜி.எம். என் பக்கம் திரும்பி, "சர்வர்ல எதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்.

"இன்னும் பாத்துட்டு இருக்கேன் சார். நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு மறுபடி கூடுகிறார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்படி ஒரு கோபம். அந்த மனுஷன் மேல்! யார் கேட்டார்கள் என்னைக் காப்பாற்றச் சொல்லி? என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? "இந்த அம்மிணிதான் சொல்லுச்சு, திரும்பி வரலைன்னா போய்ச் சேந்துருச்சுன்னு" என்று ஒரு வார்த்தை! சொல்லியிருந்தால் இந்நேரம் நானும் கத்திச் சண்டை போட்டு முடித்திருப்பேன். சொல்லாமல் விட்டு என்னைக் கொல்கிறார்.

ஒரு மாதமாக இந்த டைரியில் எல்லோரையும் திட்டி வைத்திருக்கிறேன். டிசம்பர் 12 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் போன் எனக்கு நாலு வரி. அதில் ஒரு வரி எரிச்சல். அவர்கள் மூவரும் ஆளுக்கு ஒரு கை தள்ளிவிட்டார்கள். அது செத்ததையும் யாருக்கும் தெரியாமல் புதைத்தவள் நான். சுற்றலை நிறுத்தினேன் என்று மார்தட்டினேனே, செத்துப் போன மெயிலுக்குச் சொல்லி அழக்கூட ஆள் இல்லாமல் செய்திருக்கிறேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததுமே ஆறு தாளையும் ஜி.எம். முன்னால் வைத்தேன். படித்தார். முகம் மாறியது. வக்கீலிடம் தள்ளினார். ஞானசேகரன் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

"என்கிட்ட சார். என் பெட்டியில, குப்பைன்னு நானே பேர் வெச்ச கோப்புல. இவங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஃபார்வர்டு போட்டுட்டு ஒரே வண்டில போயிட்டாங்க. மெயில் சுத்திச் செத்துருச்சு. செத்துருச்சுன்னு இவருக்குப் போக வேண்டிய நோட்டீஸ நான் நிறுத்தி வெச்சிருந்தேன்."

"சரி சரி, இத ஒரு மெயிலா எழுதி எனக்கு ஃபார்வர்டு..."

"மாட்டேன் சார்!"

கத்திவிட்டேன். டாக்டர் மன்னிப்பாராக.

"ஃபார்வர்டு பண்ண மாட்டேன். தாள் உங்க கையில இருக்குது. வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. இன்னொண்ணும் எழுதிக்கங்க. நேத்து இவரு யாருஞ் சொல்லலைன்னு சொன்னாரு. பொய். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு, மெயில் போய்ச் சேந்துச்சாங்கன்னு. திரும்பி வரலைன்னா போய்ச் சேந்துருச்சுன்னு நாந்தான் சொன்னேன். பாக்காமலே சொன்னேன்."

சென்னியப்பண்ணன், "அட, விடுங்க அம்மிணி" என்று மெல்லச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை ஆம்பளைகள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். நின்றால் நின்றுவிட்டுப் போகிறேன்.

ஜி.எம். கையெழுத்துப் போட்டார். பேனா அழுத்தினதில் தாள் கிழிந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

சென்னியப்பண்ணன் மேல் குற்றமில்லை என்று ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம். எங்கள் நால்வருக்கும் மெமோ. என் மெமோதான் நீளம். இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

பூபதி வராண்டாவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். போகட்டும்.

டிசம்பர் 27, சனி

சர்வர் விதிகளை மாற்றினேன். ஃபார்வர்டு போட்டிருக்கிறவருக்கு இனி யாரும் ஃபார்வர்டு போட முடியாது. மற்றவருக்குப் போட்டாலும் காப்பி வைக்காமல் விடாது. இரண்டு கைக்கு மேல் மாறினால் மெயில் சாகாது, என் மேஜையில் வந்து நிற்கும். குப்பை என்ற பேரையும் எடுத்துவிட்டேன். இனி அதற்கு 'சாந்தாமணி பார்க்க வேண்டியது' என்று பேர். அறிவிப்பு அனுப்பினவருக்கே போகும், தமிழில்: "நீங்கள் எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. நேரில் சொல்லுங்கள்."

"இத்தனை கெடுபிடி வெச்சா பெரியவங்களுக்கு எடஞ்சலா இருக்காதா?" என்றார் ஜி.எம். இருக்கட்டும் சார் என்றேன்.

பாய்லர் ரூம் சுவரில் ஆணி இன்னும் அப்படியே இருந்தது. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கயிறு கோத்து மாட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

காலை பத்தரைக்கு பாய்லரிலிருந்து போன். காலையில் வந்ததும் முதலில் பாய்லரைத்தான் பார்த்தாராம். இப்போதுதான் கம்ப்யூட்டரைத் தொட்டாராம்.

"அம்மிணி, சும்மா ஒரு மெயில் போட்டுப் பாத்தனுங்க, உங்களுக்குத்தான். திரும்பி வரலீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குத் தேவைதான்.

"வெக்காதீங்கண்ணா, லைன்லயே இருங்க" என்றேன். பெட்டியைத் திறந்தேன். மேலேயே இருந்தது. ஒரே வரி: "வணக்கம் அம்மிணி நோட்டு நல்லா இருக்கு."

"வந்துருச்சுங்கண்ணா. படிச்சுட்டேன்" என்றேன். அதோடு விட மனசு வரவில்லை. அந்த வரியை அவருக்கே போனில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.